பென் டிரைவ் இப்போது யார் கையில்? விர்ச்சுவல் மெஷினுக்குள் கோப்புகளைக் கொண்டுபோகும் வழிகள்

விண்டோஸ் கணினியில், இன்னொரு கணினியையே மென்பொருளாக ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸைப் போட்டு, அதற்குள் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, ஒருவழியாக எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டது. பென் டிரைவைச் செருகுகிறீர்கள். விண்டோஸ் உடனே ஒரு சத்தம் போட்டு அதைத் திறந்து காட்டுகிறது, உபுண்டுவோ எதுவுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறது. புதிதாக விஎம், அதாவது விர்ச்சுவல் மெஷின், பயன்படுத்துகிற எல்லோருமே முதலில் முழிக்கிற இடம் இது. பலர் இங்கேயே சலித்துப்போய், தங்களுக்குத் தாங்களே மெயில் அனுப்பி, உபுண்டுவுக்குள் பிரவுசரைத் திறந்து இறக்கிக்கொள்கிறார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் செய்தேன். பக்கத்து ஜன்னலுக்குப் போக வேண்டிய கோப்பு உலகத்தைச் சுற்றிவிட்டு வந்தது.

ஏன் தெரியவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம். விஎம் என்பது உங்கள் கணினியில் ஓடுகிற இன்னொரு மென்பொருள்தான். அதற்குள் இருக்கிற உபுண்டு தான் ஒரு நிஜக் கணினியில் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது. அது பார்க்கிற ஹார்ட் டிஸ்க், உண்மையில் உங்கள் டிஸ்க்கில் கிடக்கும் ஒரு பெரிய கோப்பு; அது பார்க்கிற நெட்வொர்க் கார்டு, மென்பொருள் போடும் வேஷம். யூஎஸ்பி போர்ட்டும் அப்படியே. நிஜமான போர்ட், அதாவது நீங்கள் விரலால் தொடக்கூடிய அந்த ஓட்டை, வெளியே இருக்கிற இயங்குதளத்துக்குச் சொந்தம். இந்த வெளியே இருப்பதை ஹோஸ்ட் என்பார்கள், உள்ளே இருப்பதை கெஸ்ட் என்பார்கள். வீட்டுக்காரர் கையில் கொடுத்த பொருள் விருந்தாளி கைக்குத் தானாகப் போகாது, வீட்டுக்காரர் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

எடுத்துக் கொடுப்பதில் இரண்டு விதம் இருக்கிறது, குழப்பம் முழுவதும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவதுதான். ஒன்று, பென் டிரைவையே கெஸ்ட்டிடம் ஒப்படைத்துவிடுவது. அப்படிச் செய்தால் ஹோஸ்ட்டில் அது மறைந்துவிடும், யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி. இன்னொன்று, பொருளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, 'உனக்கு எந்தக் கோப்பு வேண்டும் சொல், நான் எடுத்துத் தருகிறேன்' என்று ஹோஸ்ட் நடுவில் நிற்பது. இதுதான் ஷேர்டு ஃபோல்டர்.

ஏன் பென் டிரைவை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது? நியாயமான கேள்விதான். ஒரு டிரைவைத் திறக்கும் இயங்குதளம், எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது, எங்கே காலி இடம் இருக்கிறது என்ற அட்டவணையைப் படித்துத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அதற்கப்புறம் நடக்கிற மாற்றமெல்லாம் தன் வழியாகத்தான் நடக்கும் என்ற நம்பிக்கையில்தான் வேலை செய்கிறது. ஒரே கணக்குப் புத்தகத்தை இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஆளுக்கொரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, பிறகு மனப்பாடத்திலிருந்தே பதிவு எழுதிக்கொண்டு போனால் என்ன ஆகும்? இவர் காலி என்று நினைத்த பக்கத்தில் அவர் ஏற்கெனவே எழுதியிருப்பார். அதனால்தான் விஎம் மென்பொருள்கள் கறாராக இருக்கின்றன: ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான். ஷேர்டு ஃபோல்டரில் இந்தப் பிரச்சினை இல்லை, ஏனென்றால் அங்கே அட்டவணையைத் தொடுவது ஹோஸ்ட் மட்டும்தான். கெஸ்ட் வெறுமனே கேட்டு வாங்குகிறது.

ஆகவே எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, 'இது இப்போது யார் கையில் இருக்கிறது?'

பென் டிரைவை ஒப்படைப்பது

விர்ச்சுவல்பாக்ஸை வைத்தே சொல்கிறேன், தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் தொடங்குகிறார்கள். விஎம் முழுதாக அணைந்திருக்கும்போது அதன் செட்டிங்ஸில் யூஎஸ்பி பகுதிக்குப் போனால் கண்ட்ரோலர் வகை, அதாவது யூஎஸ்பியின் எந்தத் தலைமுறை என்று கேட்கும்: 1.1, 2.0, 3.0. முழுதாக அணைந்திருக்கும்போது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், 'சேவ் ஸ்டேட்' போட்டுத் தூங்க வைத்த விஎம்மில் இதை மாற்ற விடாது. 1.1 என்றால் நொடிக்கு அதிகபட்சம் 12 மெகாபிட், அது மவுஸுக்கும் கீபோர்டுக்கும் போதும், சினிமா அளவுக் கோப்பை நகலெடுக்கப் போனால் தூங்கி எழுந்து வரலாம். 2.0 என்றால் 480 மெகாபிட், 3.0 என்றால் 5 ஜிகாபிட். இவை ஏட்டுக் கணக்கு, நடைமுறையில் விஎம்முக்குள் அதைவிடக் குறைவாகத்தான் வரும். இன்றைய கெஸ்ட் எதுவாக இருந்தாலும் 3.0 வைத்துவிடுங்கள். முக்கியமான விதிவிலக்கு விண்டோஸ் 7. அதில் யூஎஸ்பி 3.0-வுக்கான டிரைவர் கூடவே வராது என்பதால் 2.0 தான் பாதுகாப்பு.

பழைய விளக்கங்கள் எல்லாவற்றிலும் 'எக்ஸ்டென்ஷன் பேக் (தனியாக நிறுவ வேண்டிய கூடுதல் தொகுப்பு) இல்லாமல் 2.0, 3.0 வேலை செய்யாது' என்று இருக்கும். அது விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 வரை உண்மை. 2022-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து இந்த இரண்டு கண்ட்ரோலர்களும் அடிப்படைத் தொகுப்பிலேயே வந்துவிட்டன, தனியாக எதுவும் போட வேண்டியதில்லை.

சரி, விஎம்மை இயக்கியாயிற்று. மேலே மெனுவில் 'டிவைசஸ்', அதற்குள் 'யூஎஸ்பி'. உங்கள் கணினியில் செருகியிருக்கும் எல்லாமே அங்கே வரிசையாக நிற்கும், வெப்கேம், ப்ளூடூத், கைரேகை சென்சார் உட்பட. பென் டிரைவின் பெயரை டிக் செய்தால் ஹோஸ்ட்டில் மறைந்து கெஸ்ட்டில் முளைக்கும். ஹோஸ்ட் விண்டோஸாக இருந்தால் முதல் தடவை டிரைவர் மாற்றத்துக்குச் சில நொடிகள் பிடிக்கும், பதறி இரண்டு மூன்று தடவை கிளிக் செய்யாதீர்கள். தவறிப்போய் மவுஸையோ கீபோர்டையோ டிக் செய்துவிட்டால் அது கெஸ்ட்டுக்குள் மாட்டிக்கொள்ளும், ஹோஸ்ட்டில் அசையாது. லேப்டாப் என்றால் டச்பேடு காப்பாற்றும். இல்லாவிட்டாலும் பெரிய ஆபத்தில்லை: விஎம் அணைந்ததும் பொருள் ஹோஸ்ட்டுக்குத் திரும்பிவிடும்.

ஹோஸ்ட் லினக்ஸாக இருந்து அந்தப் பட்டியல் வெறுமையாக இருக்கிறதா? நூற்றுக்குத் தொண்ணூறு தடவை காரணம் ஒன்றுதான். உங்கள் பயனர் 'விபாக்ஸ்யூசர்ஸ்' (vboxusers) என்ற குழுவில் சேர்க்கப்படவில்லை. சேர்த்தால் மட்டும் போதாது, லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும், ஏனென்றால் யார் எந்தக் குழு என்பதை லினக்ஸ் நீங்கள் நுழையும்போதுதான் பார்க்கிறது. இந்த இரண்டாவது பாதியை மறந்துவிட்டு, 'சேர்த்தேன், அப்போதும் வரவில்லை' என்று மென்பொருளையே அழித்துவிட்டுத் திரும்ப நிறுவியவர்களை எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு தடவையும் மெனுவுக்குப் போக அலுப்பாக இருந்தால் ஃபில்டர் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு யூஎஸ்பி பொருளுக்கும் தயாரிப்பாளர் எண், பொருள் எண் என்று இரண்டு உண்டு. 'இந்த எண்கள் கொண்ட பொருள் வந்தால் நேரே உள்ளே அனுப்பு' என்று சொல்லி வைப்பதுதான் ஃபில்டர். எல்லாக் கட்டங்களையும் காலியாக விட்டு ஒரு ஃபில்டர் போட்டால் 'எது வந்தாலும் உள்ளே அனுப்பு' என்று பொருளாகிவிடும். வசதி என்று நினைத்து இதைச் செய்ய வேண்டாம், அப்புறம் ஹோஸ்ட்டில் செருகுகிற ஒவ்வொன்றும் காணாமல் போகும். இன்னொரு விசித்திரமும் உண்டு. ஆண்ட்ராய்டு போனை, அதன் மென்பொருளை மாற்றி எழுதும் ஃபாஸ்ட்பூட் நிலைக்குக் கொண்டுபோனால் அது இணைப்பைத் துண்டித்துவிட்டு வேறு எண்ணோடு புதிய பொருளாகத் திரும்பி வரும். ஆர்டுயினோ என்ற சின்ன எலக்ட்ரானிக் போர்டுகள் சிலவும் அப்படித்தான், புரோகிராம் ஏற்றும் நேரத்தில் வேறு ஆளாக வரும். பழைய எண்ணுக்குப் போட்ட ஃபில்டர் இதைப் பிடிக்காது, பொருள் ஹோஸ்ட்டிடம் போய் நின்றுவிடும், வேலை பாதியில் அறுந்துபோகும். இரண்டு எண்களுக்கும் தனித்தனி ஃபில்டர் போட வேண்டும்.

விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இன்னொரு மென்பொருளான விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனில் இன்னும் சுலபம். செருகியதுமே ஹோஸ்ட்டுக்கா, விஎம்முக்கா என்று கேட்கும். மேக்கில் பாரலல்ஸும் அப்படியே கேட்கிறது. லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் விஎம் வசதியான கேவிஎம்மை விர்ட்-மேனேஜர் என்ற மென்பொருள் வழியாகப் பயன்படுத்தினால், வன்பொருள் சேர்க்கும் இடத்தில் 'யூஎஸ்பி ஹோஸ்ட் டிவைஸ்' என்று இருக்கும். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி மட்டும் வேறு ஜாதி. அதில் பென் டிரைவை அப்படியே உள்ளே அனுப்பும் வசதியே கிடையாது. 'என்ஹான்ஸ்டு செஷன்' முறையில் கெஸ்ட்டோடு இணையும்போது, ஹோஸ்ட்டின் டிரைவ்களை உள்ளே காட்டச் சொல்லலாம். ஆனால் அது இன்னொரு கணினியின் திரையைத் தூரத்திலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வழி வருவது, அதாவது நான் சொன்ன இரண்டாவது விதம். பொருள் ஹோஸ்ட் கையிலேயேதான் இருக்கிறது.

எடுக்கும்போதுதான் ஜாக்கிரதை

ஒரு நாள் உபுண்டு கெஸ்ட்டிலிருந்து இரண்டு ஜிபி அளவுக் கோப்பைப் பென் டிரைவில் நகலெடுத்தேன். நகலெடுக்கும் பட்டை சில நொடிகளில் நிறைந்துவிட்டது. அடடா, என்ன வேகம் என்று பூரித்துப்போய்ப் பிடுங்கிவிட்டேன். போன இடத்தில் செருகினால் கோப்பின் பெயர் இருக்கிறது, உள்ளே பாதிக்கு மேல் குப்பை. தப்பு முழுக்க என்னுடையது. லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, மெதுவாக டிரைவுக்குத் தள்ளும். பட்டை நிறைந்தது என்றால் நினைவகத்துக்கு வந்துவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம்.

விஎம்மில் நாம் ஏமாறுவதற்கு இன்னொரு காரணம், பென் டிரைவ் ஹோஸ்ட்டில் தெரியாது. விண்டோஸில் எதுவும் இல்லையே, பிடுங்கலாம் என்று கை தானாகப் போகும். அது கெஸ்ட் கையில் இருக்கும்வரை கெஸ்ட்டிடம்தான் விடுவிக்கச் சொல்ல வேண்டும். முதலில் கெஸ்ட்டுக்குள் 'இஜெக்ட்' கொடுங்கள், லினக்ஸ் 'எழுதிக்கொண்டிருக்கிறேன், எடுக்காதே' என்று சொன்னால் முடியும்வரை காத்திருங்கள். அப்புறம் டிவைசஸ் மெனுவில் டிக்கை எடுங்கள். டிரைவ் ஹோஸ்ட்டுக்குத் திரும்பி வரும், அங்கேயும் ஒருமுறை இஜெக்ட் கொடுத்துவிட்டு எடுக்கலாம். கெஸ்ட்டில் இஜெக்ட் கொடுக்காமல் டிக்கை மட்டும் எடுப்பது, கெஸ்ட்டைப் பொறுத்தவரை பென் டிரைவைப் பிடுங்கியதற்குச் சமம்.

பென் டிரைவ் கெஸ்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தும் திறக்கவில்லை என்றால் ஃபைல் சிஸ்டத்தை, அதாவது டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையைப் பாருங்கள். எக்ஸ்டி4 முறையில் ஃபார்மட் செய்த டிரைவை விண்டோஸ் கெஸ்ட் படிக்காது, 'ஃபார்மட் செய்யட்டுமா' என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எக்ஸ்ஃபேட் இரண்டு பக்கமும் ஓடும், ஆனால் மிகப் பழைய லினக்ஸ் என்றால் தனியாக ஒரு பொதியை நிறுவ வேண்டியிருக்கும். ஃபேட்32 எங்கேயும் ஓடும், 4 ஜிபியைத் தொடும் கோப்பை மட்டும் ஏற்காது. இதையே திருப்பியும் பயன்படுத்தலாம். விண்டோஸ் ஹோஸ்ட்டில் படிக்க முடியாத எக்ஸ்டி4 டிரைவை லினக்ஸ் கெஸ்ட்டிடம் ஒப்படைத்து, உள்ளே இருக்கும் கோப்புகளை ஷேர்டு ஃபோல்டர் வழியாக வெளியே எடுத்துவிடலாம். விஎம் வைத்திருப்பதால் கிடைக்கிற, பலருக்குத் தெரியாத லாபம் இது.

ஷேர்டு ஃபோல்டர்

என் கருத்தைக் கேட்டால், நூறு தடவையில் தொண்ணூறு தடவை உங்களுக்குப் பென் டிரைவை ஒப்படைக்கும் வேலையே தேவையில்லை. அதில் இருக்கும் நாலு கோப்புகள்தான் தேவை. பென் டிரைவை ஹோஸ்ட்டிலேயே திறந்து, கோப்புகளை ஷேர்டு ஃபோல்டரில் போட்டால் முடிந்தது. அந்த டிரைவையே ஷேர்டு ஃபோல்டராகக் கொடுப்பதும் நடக்கும். பொருளே வேண்டும் என்பது லைசென்ஸ் டாங்கிள் (மென்பொருளைத் திறக்கும் யூஎஸ்பி சாவி), பிரிண்டர், போன், ஆர்டுயினோ போன்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, அல்லது டிரைவையே பார்ட்டிஷன் பிரித்து ஃபார்மட் செய்வது போன்ற வேலைகளுக்குத்தான்.

விர்ச்சுவல்பாக்ஸில் இதற்கு முன்நிபந்தனை 'கெஸ்ட் அடிஷன்ஸ்'. கெஸ்ட்டுக்குள் நிறுவ வேண்டிய சின்னத் தொகுப்பு அது, ஹோஸ்ட்டிடம் கோப்பு கேட்கும் பாஷை அதற்குத்தான் தெரியும். டிவைசஸ் மெனுவின் கடைசியில் அதன் சிடியைச் செருகும் வசதி இருக்கிறது. லினக்ஸ் கெஸ்ட் என்றால் அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கான மாட்யூலைக் கட்டமைக்கும், அதற்குக் கம்பைலரும் கெர்னல் ஹெடர்களும் முன்பே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும். உபுண்டுவில் அதன் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே கெஸ்ட் அடிஷன்ஸைப் போட்டுக்கொள்ளலாம், அது இன்னும் நிம்மதி.

அப்புறம் விஎம் செட்டிங்ஸில் 'ஷேர்டு ஃபோல்டர்ஸ்'. ஹோஸ்ட்டில் எந்த ஃபோல்டர், கெஸ்ட்டில் என்ன பெயர் என்று கொடுத்து, 'ஆட்டோ-மவுண்ட்' டிக் செய்யுங்கள். விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போது சேர்த்தால் 'மேக் பெர்மனென்ட்' என்று இன்னொரு கட்டம் வரும், அதை விட்டுவிட்டால் விஎம்மை அணைத்ததும் பகிர்வும் போய்விடும். விண்டோஸ் கெஸ்ட்டில் அது ஒரு நெட்வொர்க் டிரைவாக வந்து நிற்கும். லினக்ஸில் 'மீடியா' ஃபோல்டருக்குள், நீங்கள் கொடுத்த பெயருக்கு முன்னால் 'எஸ்எஃப்' என்ற எழுத்துகள் ஒட்டிக்கொண்டு இருக்கும். கிளிக் செய்தால் 'அனுமதி இல்லை' என்று வருமா? வரும். மறுபடியும் குழுக் கதைதான், இந்தத் தடவை கெஸ்ட்டுக்குள், 'விபாக்ஸ்எஸ்எஃப்' (vboxsf) என்ற குழுவில் உங்கள் பயனரைச் சேர்த்து, லாக் அவுட் செய்து வர வேண்டும்.

விஎம்வேரில் இதே வேலையை விஎம்வேர் டூல்ஸ் செய்கிறது, லினக்ஸ் கெஸ்ட்டில் 'ஓப்பன்-விஎம்-டூல்ஸ்' என்ற பொதி. கேவிஎம்மில் இன்றைக்குச் சிறந்தது விர்ட்டியோஎஃப்எஸ் என்ற பகிர்வு முறை, அதற்கு விஎம்மின் நினைவக அமைப்பில் 'ஷேர்டு மெமரி'யை இயக்கி வைக்க வேண்டும், இந்த ஒன்றை மறந்தால் விஎம் கிளம்பவே கிளம்பாது.

ஷேர்டு ஃபோல்டர் பார்க்க சாதாரண ஃபோல்டர் மாதிரி இருந்தாலும் அது இரவல் பொருள், இரவலுக்கு உரிய குறைகள் உண்டு. விர்ச்சுவல்பாக்ஸ் பாதுகாப்புக்காக அதற்குள் சிம்பாலிக் லிங்க், அதாவது வேறு கோப்பைச் சுட்டிக்காட்டும் குறுக்குவழி, உருவாக்க விடாது. அதனால் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட்.ஜேஎஸ் திட்டம் ஒன்றை அங்கே வைத்துப் பொதிகளை நிறுவினால் புரியாத பிழைகளாகக் கொட்டும். ஹோஸ்ட்டில் ஒரு கோப்பை மாற்றினால் அந்தச் செய்தி கெஸ்ட்டுக்குத் தானாகப் போகாது, ஆகவே 'கோப்பு மாறினால் தானே புதுப்பித்துக்கொள்ளும்' டெவலப்மென்ட் சர்வர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் என்றால் ஆமை வேகம். டேட்டாபேஸ் கோப்புகளை அங்கே வைக்கவே வைக்காதீர்கள், ஒரே கோப்பில் இரண்டு பேர் எழுதாமல் பூட்டு போடுகிற விஷயங்களில் அது நம்பகமில்லை. போக்குவரத்துக்கு மட்டும் ஷேர்டு ஃபோல்டர், வேலை கெஸ்ட்டின் சொந்த டிஸ்க்கில் என்று வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை கிடையாது.

விஎம்மின் அப்போதைய நிலையைச் சேமித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: ஸ்னாப்ஷாட் விஎம்மின் டிஸ்க்கைத்தான் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். ஷேர்டு ஃபோல்டரில் அழித்தது அழித்ததுதான், பென் டிரைவில் மாற்றியது மாற்றியதுதான். இதே காரணத்தால், விஎம்மைப் பரிசோதனைக் களமாக வைத்து அடிக்கடி பின்னோக்கிப் போகிறவர்கள், பத்திரமாக இருக்க வேண்டியதை ஷேர்டு ஃபோல்டருக்கு நகலெடுத்துவிடுவது நல்லது.

ஒன்றிரண்டு கோப்புக்கு இழுத்துப் போடும் வசதியும் இருக்கிறது. கெஸ்ட் அடிஷன்ஸ் இருந்தால் 'டிராக் அண்ட் டிராப்'பை இரு திசையிலும் திறந்துவிடலாம். சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. பொதுவான கிளிப்போர்டு ஓரளவு நம்பலாம், நீளமான கட்டளையையோ இணைய முகவரியையோ உள்ளே ஒட்டுவதற்கு அதுவே போதும்.

கெஸ்ட் அடிஷன்ஸ் போட முடியாத பழைய அல்லது விநோதமான கெஸ்ட் என்றால் நெட்வொர்க்தான் வழி. கெஸ்ட்டில் எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியாகப் பாதுகாப்பாக உள்ளே நுழையும் முறை) சர்வர் ஓடினால் ஹோஸ்ட்டிலிருந்து வின்எஸ்சிபி, ஃபைல்ஜில்லா போன்ற மென்பொருள்களால் கோப்பை அனுப்பலாம். ஆனால் விர்ச்சுவல்பாக்ஸின் இயல்பான நெட்வொர்க் முறையான என்ஏடி, கெஸ்ட்டை வெளியே போக விடும், வெளியிலிருந்து உள்ளே யாரையும் விடாது. 10.0.2.15 என்ற முகவரியை கெஸ்ட்டில் பார்த்து அதற்கு ஹோஸ்ட்டிலிருந்து இணைக்க முயன்று தோற்றுப்போவது சகஜம். போர்ட் ஃபார்வர்டிங்கில் ஹோஸ்ட்டின் 2222 என்ற நெட்வொர்க் போர்ட்டை, எஸ்எஸ்ஹெச் காத்திருக்கும் கெஸ்ட்டின் 22-க்குத் திருப்பிவிட்டு, ஹோஸ்ட்டையே குறிக்கும் 127.0.0.1 முகவரியில் 2222 போர்ட்டுக்கு இணைத்தால் வேலை முடிந்தது. அதுவும் முடியாத கெஸ்ட்டுக்கு, கோப்புகளை ஒரு ஐஎஸ்ஓ (சிடியின் நகல் கோப்பு) ஆக்கி சிடியாகச் செருகலாம், உள்ளே போகும், வெளியே வராது.

சந்தேகத்துக்குரிய கோப்பையோ பென் டிரைவையோ திறந்து பார்க்கவே விஎம் வைத்திருக்கிறீர்கள் என்றால் மேலே சொன்ன வசதிகள் எல்லாமே உங்களுக்கு எதிரி. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் கெஸ்ட்டுக்குள் புகுந்தால், எழுதும் அனுமதியோடு இருக்கிற ஷேர்டு ஃபோல்டர் அதற்கு இன்னொரு ஃபோல்டர் மட்டுமே, உங்கள் ஹோஸ்ட் கோப்புகளையும் சேர்த்துப் பூட்டிவிடும். பகிர்ந்தே ஆக வேண்டும் என்றால் 'ரீட்-ஒன்லி' டிக் செய்யுங்கள், முழு டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரையும் கொடுக்காமல் காலியான தனி ஃபோல்டர் ஒன்றை அதற்கென்று வையுங்கள். பென் டிரைவ் விஷயத்தில், அதை விஎம்முக்குத்தானே கொடுக்கப்போகிறோம் என்ற தைரியம் முழுக்கச் சரியில்லை, ஏனென்றால் செருகியதும் முதலில் தொடுவது ஹோஸ்ட். 2010-இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், பென் டிரைவைத் திறந்து உள்ளே இருக்கும் ஐகான்களைப் பார்த்ததுமே விண்டோஸுக்குள் ஏறிக்கொள்ளும் வகை. அந்தக் குறிப்பிட்ட ஓட்டை எப்போதோ அடைபட்டுவிட்டது, ஆனாலும் சந்தேகமான டிரைவுக்கு ஹோஸ்ட்டும் நீங்கள் இழக்கத் தயாராக இருக்கிற ஒரு பழைய கணினியாக இருப்பதே மேல்.